நாலு பேர் வேணும்

"சிஸ்டர், உங்க வீட்டுக்காரருக்கு விசுவாசம் பத்தல."

இந்த ஒரு வரிய காதால கேட்டு பத்து வருஷம் ஆகப்போவுது, இன்னும் மறக்கல. சொன்னவரு யாருன்னு எழுதப்போறதில்ல, வெளியூர்லேருந்து எழுப்புதல் கூட்டத்துக்கு வந்த ஒரு ஊழியக்காரர், அவ்ளோதான். நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பாரு. ஆனா அந்த வார்த்த எங்க வீட்டுக்குள்ள வந்து என்ன பண்ணுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். எழுதணும் எழுதணும்னு ரொம்ப நாளா தள்ளிகிட்டே வந்தேன், போன வாரம் எங்க சபையில ஒரு சின்னப் பொண்ணு, கைக்கொழந்தக்காரி, மார்புல கட்டின்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு அழுதுகிட்டு நின்னா, பக்கத்துல ஒரு அக்கா அவ முதுக தடவிகிட்டே அதே வரிய சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரியே எழுத ஒக்காந்துட்டேன்.

நாங்க இருக்கறது மலேசியாவுல, சிலாங்கூர்ல இருக்கற பத்தாங் பெர்ஜுந்தாய். 2007-லேருந்து பேரு பெஸ்தாரி ஜெயா, போர்டுலயும் அப்படித்தான் போட்டிருக்கு, ஆனா எங்க வாயில பழைய பேருதான் வருது. சுத்தி தோட்டம்தான். 1917-ல மலாயாவுலயே முதல் முதலா செம்பனைய, எண்ணெய் எடுக்கற பனைய, வியாபாரத்துக்குன்னு நட்டது இங்க பக்கத்துல இருக்கற தென்னமரம் தோட்டத்துலதான்னு பள்ளிக்கூடத்துல வாத்தியாரு பெருமையா சொல்லுவாரு, தோட்டத்துக்கு பேரு தென்னமரம், நட்டது செம்பனை. ஆனா நான் பொறந்த தோட்டம் அப்ப பால்மரத் தோட்டம், ரப்பர். என் அம்மா பால்வெட்டுக்காரி.

காலையில பெரட்டுக்கு, பேர் கூப்டு வேலைக்கு அனுப்பற எடத்துக்கு, போறதுக்கு முன்னாடி, நாலரை மணிக்கு, அம்மா அடுப்படியில முட்டி போட்டு ஜெபிப்பாங்க. மெதுவாத்தான் ஜெபிப்பாங்க, ஆனா வரிசையா ஒட்டிக் கட்டின லய வீட்டுல சுவரு என்ன சுவரு, நாங்க புள்ளைங்க படுத்துகிட்டே கேப்போம். அதுல தெனமும் ஒரு வரி வந்துடும், "ராத்திரில மழ வேணாம் ஆண்டவரே, பேஞ்சா மத்தியானத்துக்கு மேல பேயட்டும்." பால்வெட்டு தெரியாதவங்களுக்காக சொல்றேன், விடியறதுக்கு முன்ன குளிர்ச்சியில வெட்டினாத்தான் பால் நல்லா வடியும், ராத்திரி மழ பேஞ்சு பட்டை நனைஞ்சிருந்தா வெட்ட முடியாது, வெட்டினாலும் பால் கோட்டுல நிக்காம மரம் பூரா வழிஞ்சு போயிடும், பால் புடிக்கற மங்குல விழாது. வெட்டு இல்லன்னா அன்னிக்கு கூலி இல்ல. அதே நேரம் பக்கத்து லயத்துல ஒரு பாட்டி இருந்தாங்க, அவங்களும் எங்க சபைதான், கீரை போட்டு பட்டணத்துல விப்பாங்க, அவங்க ஞாயித்துக்கிழமையில குடுக்கற ஜெபக்குறிப்பு "நல்ல மழ வேணும்". எனக்கு எட்டு வயசு இருக்கும். ஆண்டவர் யாரு சொல்றத கேப்பாருன்னு அம்மாகிட்ட கேட்டேன். அம்மா உளிய தீட்டிகிட்டே, "எனக்கும் அவருதான் அப்பா, அந்தப் பாட்டிக்கும் அவருதான் அப்பா, நான் கேக்கறத கேட்டுட்டேன். பாட்டிக்கு கீரை வாடுதுன்னா நீ போயி ரெண்டு வாளி தண்ணி ஊத்திட்டு வா"ன்னாங்க. நானும் என் தம்பியும் சாயங்காலம் குழாயடியிலேருந்து வாளிய மாத்தி மாத்தி தூக்கிட்டு போவோம். ஜெபத்தப் பத்தி எனக்கு யாரும் அதுக்கு மேல ஒன்னும் சொல்லித்தரல, சொல்லித்தரவும் வேண்டியிருக்கல, அப்பல்லாம்.

தோட்டத்த வித்தாங்க, லயத்த ஒடைச்சாங்க, எங்களுக்கு ஃப்ளாட்டு கெடைச்சது, மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. அதுக்குள்ள கல்யாணம் ஆகி என் மகளும் வளந்துட்டா. என் வீட்டுக்காரர் செம்பனை குலை ஏத்தற லாரி ஓட்டினவரு. இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, அவருக்கு முப்பத்தஞ்சு வயசுலயே வந்துடுச்சு, லாரிக்காரங்க சாப்பாடு தெரியுமே, நேரங்கெட்ட நேரத்துல ரொட்டி சானாய், பால் டின் ஊத்துன தேத்தண்ணி. 2013-ல கிட்னி ரெண்டும் போயிடுச்சுன்னு சொல்லி டயாலிசிஸ் ஆரம்பிச்சாங்க. செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். கையில ரத்தக்குழாய இணைச்சு வெச்சிருப்பாங்க, தொட்டா மோட்டர் ஓடற மாதிரி அதிரும். ஒரு நாளைக்கு ஒரு சின்ன போத்தல் தண்ணிதான், அதுக்கு மேல குடிக்கக் கூடாது, இந்த ஊரு வெயிலுக்கு அது எவ்ளோ கஷ்டம்னு பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும். ஐஸ் கட்டிய வாயில போட்டுகிட்டு கண்ண மூடி ஒக்காந்திருப்பாரு.

2016-ல தான் அந்தக் கூட்டம். ஊருல டேவான், பொது மண்டபம், எடுத்து மூணு நாள் நடந்துச்சு. ரெண்டாவது நாள், வெள்ளிக்கிழமை, ஜெபத்துக்கு முன்னாடி வாங்கன்னு கூப்டாங்க, இவரும் போனாரு. தலையில கை வெச்சு ஜெபிச்சாங்க. கூட்டம் முடிஞ்சு வெளிய வரும்போதுதான் அந்த ஊழியக்காரர் எங்கிட்ட சொன்னாரு, உங்க வீட்டுக்காரருக்கு விசுவாசம் பத்தல, அவரு கர்த்தர நம்பாம மெஷின நம்புறாருன்னு. இவரு பக்கத்துலதான் நின்னுகிட்டிருந்தாரு. ஒன்னும் பேசல. வீட்டுக்கு வர்ற வழியில வண்டியிலயும் பேசல.

மறுநாள் சனிக்கிழமை காலையில கெளம்பலைங்களான்னு கேட்டேன். "இன்னிக்கு வேணாம் புள்ள, நான் நம்பிப் பாக்கறேன்"னாரு. நான் தடுத்திருக்கணும். தடுக்கல, ஏன்னா எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு பயம், நான் தடுத்தா என் விசுவாசமும் பத்தலன்னு ஆயிடுமோன்னு. அந்தப் பயத்த இப்ப நெனச்சாலும் வயித்த பெசையுது. டயாலிசிஸ் சென்டர்லேருந்து ஃபோன் வந்துச்சு, ரெண்டு பேருமே எடுக்கல.

ஞாயித்துக்கிழமை காலு வீங்குச்சு. ஆராதனையில கை தூக்கி பாடினாரு. திங்கக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஒக்காந்துட்டாரு, படுக்க முடியல, படுத்தா மூச்சு முட்டுது, நெஞ்சுக்குள்ள கொப்புளிக்கற மாதிரி சத்தம் கேக்குது. ஒடம்புலேருந்து வெளியேற வேண்டிய தண்ணி நுரையீரல்ல ஏறிடுச்சு. ஜன்னல் பக்கம் போயி காத்துக்கு வாயத் தொறக்கறாரு. அந்த நேரத்துல எனக்கு ஒரு வசனமும் வரல. முப்பது வருஷம் ஞாயிறு பள்ளியில மனப்பாடம் சொல்லிக் குடுத்தவ நான், சங்கீதம் 23, 91, 121 எல்லாம் தண்ணி பட்ட பாடு, ஒன்னுமே வரல. "ஆண்டவரே"ன்னு கூட முழுசா வரல, "ஆ"ங்கற சத்தத்தோட நின்னுடுச்சு.

999 அடிச்சோம், வண்டி வருதுன்னாங்க. ஆனா மூணு மாடி எறங்கணுமே. படுக்க வெச்சு தூக்க முடியாது. எதிர் வீட்டு அக்கா சத்தம் கேட்டு கதவத் தொறந்தாங்க, அவங்க கோயிலுக்குப் போறவங்க, ஆடி மாசமெல்லாம் மாரியம்மனுக்கு கூழ் ஊத்தறவங்க, நெத்தியில துந்நூறோட அப்படியே ஓடி வந்து அவங்க மகன எழுப்புனாங்க. எங்க சபை பையங்க ரெண்டு பேரு அதே பிளாக்குல இருந்தாங்க, அவங்க வந்தாங்க. நாலாவது கைக்கு ஆள் இல்லாம நின்னப்ப கீழ் வீட்டுலேருந்து ஒரு வங்காளதேசத்துப் பையன், தோட்டத்துல குலை வெட்டற வேலை, சட்டை கூட போடாம சாரத்தோட மேல ஏறி வந்தான். வீட்டுல இருந்த செவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில இவர ஒக்கார வெச்சு, ஆளுக்கு ஒரு காலப் புடிச்சு, அந்தக் குறுகலான படியில திரும்பித் திரும்பி எறக்குனாங்க. லைட்டு ரெண்டாவது மாடியில எரியாது. அந்தப் பையன் மட்டும் "பெலான் பெலான், காக்காக்"னு, மெதுவா மெதுவா அக்கான்னு மலாய்ல, எனக்கு சொல்லிகிட்டே வந்தான், நான் பின்னால ஃபோன் வெளிச்சம் புடிச்சுகிட்டு அழுதுகிட்டே எறங்கறேன்.

நம்மாளுங்க "நாலு பேர் வேணும்"னு சொல்றது எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். எப்படி வாழ்ந்தாலும் கடைசியில தூக்க நாலு பேர் வேணும்னு. என் வீட்டுக்காரருக்கு நாலு பேர் உசுரோட இருக்கும்போதே வந்தாங்க.

ஆஸ்பத்திரியில அவசரமா டயாலிசிஸ் பண்ணாங்க, மூணு லிட்டருக்கு மேல தண்ணி எடுத்ததா நர்ஸ் சொன்னாங்க. பொழைச்சுட்டாரு. ஆனா கண்ணு முழிச்சதும் முதல்ல சொன்னது, "நான் தோத்துட்டேன் புள்ள." அத கேட்டப்பதான் எனக்கு கோவம் வந்துச்சு, அந்த மூணு நாளா வராத கோவம்.

எங்க சபை பாஸ்டர் மத்தியானம் வந்தாரு. வயசானவரு, அதிகம் பேசமாட்டாரு. இவரு அழுதுகிட்டே என் விசுவாசம் பத்தல பாஸ்டர்னு சொன்னாரு. பாஸ்டர் பைபிள கூட தொறக்கல. எசேக்கியா ராஜா சாகக் கெடந்தப்ப சுவரு பக்கம் திரும்பி அழுது ஜெபிச்சாரே, கர்த்தர் 15 வருஷம் கூட்டிக் குடுத்தாரே, அதுக்கப்புறம் ஏசாயா என்ன சொன்னாரு தெரியுமா, அத்திப்பழத்து அடையக் கொண்டாந்து புண்ணுமேல பத்து போடுங்கன்னாரு, ஜெபமும் கேட்டாச்சு மருந்தும் போட்டாச்சு, உனக்கு ஆண்டவர் குடுத்த அத்திப்பழம் அந்த மெஷின்தான்பா, அப்படின்னாரு. அப்புறம், பவுல் எத்தன பேர சொஸ்தமாக்கினாரு, அவரே துரோப்பீமுவ மிலேத்துவுல வியாதியோட விட்டுட்டு வந்தேன்னு எழுதியிருக்காரு, தீமோத்தேயுவோட வயித்து வலிக்கு கொஞ்சம் திராட்சரசம் சேத்துக்கோன்னு எழுதறாரு, யாருக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்லுவேன்னு கேட்டாரு. இவரு ஒன்னும் சொல்லல, பாஸ்டர் கையப் புடிச்சுகிட்டாரு.

நான் அன்னிக்கு ராத்திரி பெஞ்சுல ஒக்காந்து மாற்கு 2-ஆம் அதிகாரத்த எடுத்தேன். கப்பர்நகூம்ல திமிர்வாதக்காரன நாலு பேரு சுமந்துட்டு வர்றாங்க, கூட்டம் வழிவிடல, வீட்டுக் கூரையப் பிரிச்சு படுக்கையோட எறக்குறாங்க. சின்ன வயசுலேருந்து தெரிஞ்ச கதை, ஃபிளானல் போர்டுல படம் ஒட்டி நானே எத்தன தடவ சொல்லியிருப்பேன். ஆனா அன்னிக்குத்தான் அந்த வார்த்த கண்ணுல பட்டுச்சு. "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு." படுத்துக் கெடந்தவனோட விசுவாசம்னு தனியா ஒரு வார்த்த அங்க இல்ல. அவனுக்கு இருந்துச்சோ இல்லையோ, அவனும் என் வீட்டுக்காரர் மாதிரி மூச்சுக்குத் தவிச்சுகிட்டு இருந்தானோ என்னவோ, வேதம் அதப் பத்தி பேசவே இல்ல. சுமந்தவங்களோட விசுவாசத்த பாத்தாரு, கெடந்தவன "மகனே"ன்னு கூப்டாரு.

அதுக்கப்புறம் நாலு சுவிசேஷத்தையும் இந்தக் கண்ணோட படிச்சேன், மாசக்கணக்கா. "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது"ன்னு இயேசு பல பேருகிட்ட சொல்றாரு, பெரும்பாடுள்ள பொம்பளைகிட்ட சொன்னாரு, ஆனா அது பாராட்டு. ஒடம்பு சரியில்லன்னு வந்து நின்ன ஒருத்தர, உனக்கு விசுவாசம் பத்தல போன்னு திருப்பி அனுப்புன ஒரு எடத்த எனக்கு யாராவது காட்டுங்க. நாசரேத்து இருக்கேன்னு கேப்பீங்க. அது அவரு யாருன்னே ஏத்துக்காம இடறிப்போன ஊரு, அங்கயும் வந்த சில நோயாளிங்க மேல கை வெச்சு சொஸ்தமாக்கினாருன்னு மாற்கு 6-லயே இருக்கு. கடுகு விதை வசனத்த எல்லாரும் நோயாளிகிட்ட சொல்றாங்க, மத்தேயு 17 எடுத்துப் பாருங்க, பேய் புடிச்ச அந்தப் பையனுக்கோ அவங்கப்பாவுக்கோ சொன்னதில்ல அது, "எங்களால ஏன் முடியல"ன்னு வந்து கேட்ட சீஷங்களுக்கு, ஜெபிக்கப் போனவங்களுக்கு சொன்னது! அந்த அப்பா மாற்குல என்ன சொல்றாரு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு கண்ணீரோட கத்தறாரு. பாதி விசுவாசம், பாதி இல்ல. புள்ள பொழச்சான்.

அப்போ குறை சொல்லணும்னா யார சொல்லணும்? தலையில கை வெச்ச நம்மளத்தான் மொதல்ல நாமளே கேட்டுக்கணும். நோயில கெடக்கறவங்க மேல இன்னொரு மூட்டைய ஏத்தக் கூடாது.

அந்த ராத்திரி எனக்கு வராத ஜெபத்துக்கும் ஒரு வசனம் கெடைச்சுது, ரோமர் 8, ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார். என் வாயில நின்ன அந்த "ஆ" எங்கயும் போகலன்னு நான் முழுசா நம்பறேன்.

அவரு மறுபடியும் செவ்வாய், வியாழன், சனின்னு போக ஆரம்பிச்சாரு. ஆனா வேற ஆளாப் போனாரு. கடையில கடன் எழுதற 555 புக்கு இருக்குல்ல, அந்தச் சின்ன புத்தகம் ஒன்ன வாங்கி சட்டைப் பையில வெச்சுகிட்டாரு. அங்க பக்கத்து பக்கத்து நாற்காலியில யாரு யாரு ஒக்காந்திருக்காங்களோ அவங்க பேர மெல்ல கேட்டுத் தெரிஞ்சுக்குவாரு, சீன அங்கிள், மலாய்க்கார மக்சிக், நம்ம ஆளுங்க, எல்லாரும்தான். பிரசங்கம் ஒன்னும் பண்ணல, யாருகிட்டயும் மதத்தப் பத்தி பேசல. ரத்தம் மெஷினுக்குள்ள போயி வர்ற அந்த 4 மணி நேரமும் கண்ண மூடிகிட்டு ஒவ்வொரு பேரா ஜெபிப்பாரு. முன்னல்லாம் அந்த நேரம் போகவே மாட்டேங்குதுன்னு சொன்னவரு, "பேரு முடியறதுக்குள்ள மெஷினு முடிஞ்சுடுது புள்ள"ன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. யாராவது நாற்காலி காலியாச்சுன்னா அந்தப் பேருக்குப் பக்கத்துல தேதி மட்டும் எழுதுவாரு. அந்த வீட்டுக்கு சாவுக்குப் போயிட்டு வருவாரு, அவரால நடக்க முடிஞ்ச வரைக்கும்.

ஜெபத்துக்கு வல்லமை இருக்கா இருக்கான்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்ற சாட்சி இதுதான். தோத்துட்டேன்னு அழுத ஒரு மனுஷன ஆண்டவர் அதே நாற்காலியில ஆசாரியனா ஒக்கார வெச்சாரு. மூணு வருஷம். 2019-ல போயிட்டாரு. அன்னிக்கும் அதே படியில எறக்குனாங்க, நாலு பேரு.

என் மக நர்ஸிங் படிச்சவ. அப்பா போனதுக்கப்புறம் கொஞ்ச நாள் ஆராதனைக்கு வரல. நானும் வற்புறுத்தல. ஒரு நாள் ஃபோன எடுத்து எங்கிட்ட நீட்டி, "ம்மா, இதப் படிங்க"ன்னா. 2006-ல அமெரிக்கன் ஹார்ட் ஜர்னல்ல வந்த ஒரு ஆராய்ச்சி, ஹெர்பர்ட் பென்சன்னு ஒரு டாக்டரோட குழு பண்ணது. ஆறு ஆஸ்பத்திரியில இதயத்துல பைபாஸ் ஆபரேஷன் பண்ண 1,802 பேர மூணு கூட்டமா பிரிச்சு, ஜெபம் உண்டா இல்லையான்னு தெரியாம ஒரு கூட்டத்துக்கு ஜெபிச்சாங்க, ஒரு கூட்டத்துக்கு ஜெபிக்கல, மூணாவது கூட்டத்துகிட்ட உங்களுக்காக ஜெபிக்கிறோம்னு சொல்லிட்டே 14 நாள் ஜெபிச்சாங்க. முதல் ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்ல, சிக்கல் வந்தவங்க 52 சதவீதம், 51 சதவீதம். சொல்லிட்டு ஜெபிச்ச கூட்டத்துல 59 சதவீதம், அதாவது கூடப் போச்சு.

அவளுக்கு என்கிட்டேருந்து ஒரு பதில் வேணும்னு தெரிஞ்சுது. நான் ரெண்டு நாள் யோசிச்சேன். அந்த ஆராய்ச்சி பொய்னு நான் சொல்ல மாட்டேன், அவங்க நேர்மையாத்தான் அளந்திருக்காங்க. ஆனா அந்த 59-ஐப் பாத்ததும் எனக்கு அவ அப்பா மொகம்தான் வந்துச்சு. அந்த ஆராய்ச்சியில இருந்த ஒருத்தரே சொல்லியிருக்காரு, ஜெபக்குழுவ கூப்டற அளவுக்கா நம்ம நெலமை மோசம்னு நோயாளிங்க பயந்திருக்கலாம்னு. அதே பாரம்தான், சுகமாகிக் காட்டணும்ங்கற பாரம். இன்னொன்னு, ஜெபிச்சவங்களுக்கு அந்த நோயாளிங்க பேரும் குடும்பப் பேருல முதல் எழுத்தும்தான் குடுத்திருக்காங்க, ஜெபத்துல சேத்துக்கவேண்டிய ஒரு வரியயும் எழுதிக் குடுத்திருக்காங்க. முகம் தெரியாதவங்களுக்கு ஜெபிக்கறத நான் கொறைவா நெனைக்கல, என் அம்மாவும் ஜெபிச்சவங்கதான், ஆனா வாளி இல்லாத ஜெபத்த அம்மா எனக்கு பழக்கவே இல்ல. இத மககிட்ட சொன்னேன். சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. போதும்னு விட்டுட்டேன்.

யாக்கோபு 2-ல ஒரு வரி இருக்கு, சாப்பாட்டுக்கு இல்லாம நிக்கற சகோதரன பாத்து, "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்"னு வாயால மட்டும் சொன்னா பிரயோஜனம் என்னன்னு கேக்கறாரு. தமிழ்நாட்டுலேருந்து வந்த ஒரு போதகர் இந்த "பசியாறுங்கள்" பழைய வேதத் தமிழ்னு வெளக்கம் குடுத்தாரு, எங்களுக்கு வெளக்கமே தேவையில்ல, மலேசியாவுல காலையில யாரப் பாத்தாலும் பசியாறியாச்சான்னுதானே கேக்கறோம். 2020 மார்ச் 18-ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆலயத்த பூட்டுனப்ப, காலையில அஞ்சு மணிக்கு, அம்மாவோட பெரட்டு நேரத்துக்கு, நாங்க ஏழெட்டு பொம்பளைங்க ஃபோன்ல ஜெபிக்க ஆரம்பிச்சோம். ஜெபம் முடிஞ்சதும் யாரு வீட்டுல இன்னிக்கு பசியாற என்ன இருக்கு என்ன இல்லன்னு கேட்டுட்டுத்தான் ஃபோன வெப்போம். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் நடக்குது. எதிர் வீட்டு அக்காவும் சில நாள் வந்து பக்கத்துல ஒக்காந்துக்குவாங்க, அவங்க சாமிய அவங்க கும்பிட்டுக்குவாங்க.

அந்த கைக்கொழந்தக்காரப் பொண்ணுக்கு அடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரி. நான் கூடப் போறேன், கொழந்தைய எதிர் வீட்டு அக்கா பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. அவகிட்ட நான் விசுவாசத்தப் பத்தி ஒன்னும் கேக்கல.

என் மக இப்ப டயாலிசிஸ் சென்டர்லதான் வேலை பாக்கறா, அப்பா போன சென்டர் இல்ல, வேற. அந்த 555 புக்கு அவ பையிலதான் இருக்கு, நான் கேக்கவும் இல்ல, அவ குடுக்கவும் இல்ல. நேத்து பத்து மணி இருக்கும், வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டா. "ம்மா, இன்னிக்கு ஒரு பாட்டி, ரொம்ப முடியல, பேரு சொல்லக் கூடாது, கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க."

ஜெபம் பண்ணேன். அப்புறம், பாட்டிக்கு வீட்டுக்குப் போக வண்டி இருக்கான்னு கேட்டு அனுப்புனேன்.

"இல்லம்மா. பஸ்ஸுதான்."

அவரோட பழைய கஞ்சில் கார் சாவி கதவுக்குப் பின்னால ஆணியிலதான் தொங்குது. எடுத்துகிட்டு படியெறங்குனேன்.